பெரிய வெள்ளியோடு வீட்டுக்குப் போகிறவர்கள்

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. கொழும்பில் கடைகளில் நிற்கிற பையன்கள், வருடம் முழுக்கக் கோயில் பக்கம் தலைகாட்டாத மாமாமார், கல்யாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போன பிள்ளைகள், எல்லாரும் வெள்ளை உடுப்பில் வந்துவிடுவார்கள். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், ஏழு பிரசங்கம், இடையிடையே பாட்டு. ஏப்ரலில் ஹட்டன் பக்கம் மத்தியான மழை சொல்லிவைத்தமாதிரி வரும், அப்படியும் வெளிப்படிக்கட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார்கள். "தாகமாயிருக்கிறேன்" என்ற இடம் வந்ததும் பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கத் தொடங்கும்.

இரண்டு நாள் கழித்து உயிர்த்த ஞாயிறு. பின்வரிசை பெஞ்சுகள் காலி. வசந்தகாலச் சம இரவுக்குப் பிறகு வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பதால், நம் ஊரில் பங்குனி அல்லது சித்திரைப் போயாவுக்கு அடுத்த ஞாயிறு என்று மனக்கணக்குப் போடலாம், பெரும்பாலும் சரியாக வரும். ஆக பல வருடங்களில் அது சித்திரை வருடப்பிறப்பை ஒட்டித்தான் வரும். ஒருபக்கம் பலகாரம் சுடுகிற வேலை, இன்னொரு பக்கம் நுவரெலியா சீசன், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இதெல்லாம் காரணம்தான். ஆனால் இவ்வளவுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. நம்ம ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த அளவுக்குப் புரியவில்லை, அல்லது தேவைப்படவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஏன் புரிகிறது என்று விளக்க வேண்டியதில்லை. நியாயம் இல்லாத விசாரணை, யாரோ ஒரு பெரியவர் கையைக் கழுவிவிட்டுப் போவது, கூட இருந்தவன் காசுக்குக் காட்டிக்கொடுப்பது, அம்மா ஒன்றும் செய்ய முடியாமல் கீழே நின்று பார்ப்பது, இதில் எதுவும் எங்கள் தேயிலைத் தோட்ட மலையகத்தில் ஒருவருக்குக் கதை இல்லை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் தோட்டத் தமிழர்களில் இவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். எங்களில் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட ஜனத்துக்கு அடிபட்டு, துப்பப்பட்டு, வாய் திறக்காமல் போன ஒருவரைப் பார்த்தால் சொந்தக்காரர்மாதிரித் தெரியத்தானே செய்யும். பிரசங்கிகளுக்கும் அது லேசு. "அவரும் பட்டார், நாமும் படுவோம், பொறுத்துக்கொள்ளுவோம்" என்று முடித்துவிடலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் கிளர்ந்த அடிமைகளை அடக்கிய பிறகு, பிடிபட்டவர்களில் 6000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாகச் சிலுவையில் அறைந்தார்கள். ஏரோது செத்த கையோடு யூதேயாவில் நடந்த கலகத்தை அடக்க வந்த வாருஸ் என்ற ரோம அதிகாரி ஏறக்குறைய 2000 பேரைச் சிலுவையில் ஏற்றினான் என்று அந்தக் காலத்து யூத சரித்திரக்காரர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். இயேசு அப்போது கைக்குழந்தையாக இருந்திருப்பார். இந்த எட்டாயிரம் பேரில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? அவர்களும் தாகத்தோடுதான் செத்தார்கள். அவர்களுடைய அம்மாமாரும் கீழே நின்றிருப்பார்கள். வலியை அளந்து பார்த்தால் இயேசு பட்டது அவர்கள் பட்டதைவிடக் கூட என்று சொல்லவே முடியாது. பலர் இரண்டு மூன்று நாள் தொங்கினார்கள், அவர் அன்று மாலைக்குள் இறந்துவிட்டார்.

அப்படியானால் அந்த ஒருவருக்காக மட்டும் ஏன் இன்றைக்கும் ஹட்டன் பக்கத்து டிக்கோயாவில் மணி அடிக்கிறார்கள்? அவர் பட்ட பாட்டுக்காக இல்லை. மூன்றாம் நாள் நடந்தது என்று சிலர் அடித்துச் சொன்ன ஒரு காரியத்துக்காக. அது நடக்காவிட்டால் பெரிய வெள்ளி என்று ஒரு நாளே இல்லை, ரோம அரசாங்கத்தின் இன்னொரு வேலைநாள், அவ்வளவுதான்.

இதை நான் சொல்லவில்லை, அப்போஸ்தலர் பவுல் சொன்னார், அதுவும் என்னைவிட முகத்தில் அடித்தமாதிரி. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 15ஆம் அதிகாரம். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, அதாவது வீண், உங்கள் விசுவாசமும் விருதா. அதோடு விடவில்லை. இந்த வாழ்க்கைக்காக மட்டும் நாம் அவரை நம்பிக்கொண்டிருந்தால் எல்லா மனிதரையும்விட நாம்தான் பரிதாபமானவர்கள் என்கிறார். எனக்குத் தெரிந்து, தன் மதத்தை எந்த இடத்தில் தட்டினால் முழுசும் விழும் என்று இப்படி விரல் வைத்துக் காட்டிய ஸ்தாபகர்கள் குறைவு. நல்ல போதனை, நல்ல ஒழுக்கம், ஆறுதல், இதெல்லாம் இருக்கிறதே, உயிர்ப்பு இல்லாவிட்டாலும் சமாளிக்கலாமே என்கிற பேச்சுக்கு அவரிடம் இடமே இல்லை. மலைப்பிரசங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிறிஸ்தவனாக இருக்கலாம் என்று படித்தவர்கள் சிலர் சொல்வார்கள். இருக்கலாம், நல்ல மனிதனாக இருக்கலாம், அது வேறு.

அந்த நிருபம் கி.பி. 55ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பொதுவான கணக்கு. சம்பவம் நடந்து இருபத்து சொச்சம் வருடம். 1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதைவிட மிகக் கிட்டத்தில் இருந்துதான் அவர் பேசுகிறார். அதிலும், "நானும் பெற்றுக்கொண்டதை உங்களுக்கு ஒப்புக்கொடுத்தேன்" என்று தொடங்கி, கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபா என்ற பேதுருவுக்கும் பிறகு பன்னிரு சீடருக்கும் தரிசனமானார் என்று அவர் ஒப்பிக்கிற வரிகள் அவருக்கும் முந்தியவை. அப்புறம் ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கண்டார்கள், அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு வரி. போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிற தொனி.

அதற்குப் பிறகு யாக்கோபின் பெயரும் வருகிறது. இயேசுவின் சொந்தத் தம்பி. அண்ணன் ஊர் ஊராகப் போனபோது இந்தத் தம்பிமார் அவரை நம்பவில்லை என்று யோவான் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஆள்தான் பிறகு எருசலேம் சபைக்கே மூப்பராகி, கி.பி. 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்டார். கூடப் பிறந்தவனைக் கடவுள் என்று நம்ப வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தம்பி தங்கை உள்ள எவருக்கும் தெரியும்.

இனி கல்லறைக்கு முதலில் போனவர்களைப் பற்றி. நான்கு சுவிசேஷங்களும் பல சின்ன விவரங்களில் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எத்தனை பெண்கள், எத்தனை தூதர்கள், இருட்டோ விடிந்துவிட்டதோ, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் முதலில் போனது பெண்கள் என்பதில் நான்கு பேருக்கும் ஒரே சொல். அந்தக் காலத்துச் சட்டத்தில் பெண்கள் சாட்சி சொல்ல அருகதை இல்லாதவர்கள் என்று யோசேபஸே எழுதுகிறார். கதை கட்டுகிறவன் யாராவது அவர்களைக் கொண்டு தொடங்குவானா? பேதுருவை அல்லவா முதலில் அனுப்பியிருப்பான். பெண்கள் வந்து சொன்னபோது அப்போஸ்தலர்களுக்கு அது வீண்பேச்சாகத் தெரிந்தது என்று லூக்கா எழுதியிருக்கிறார், பிற்காலத்தில் சபையின் தூண்கள் என்று பெயரெடுத்தவர்களைப் பற்றி.

அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடம்தான் ஞாபகம் வரும். தராசில் சாக்கைத் தூக்கி மாட்டுவார்கள், முள் ஆடி நிற்பதற்கு முன்னாலேயே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார் கணக்கப்பிள்ளை, தண்ணிக்கென்று ஒரு கழிவு, சாக்குக்கென்று ஒரு கழிவு. "ஐயா, ரெண்டு கிலோ கொறையுதுங்க" என்று என் அப்பாயி சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "அடுத்த ஆள்" என்றார். காலையிலிருந்து மழையில் நின்று அந்தக் கொழுந்தைப் பறித்த ஆள் அப்பாயி, எவ்வளவு இருந்தது என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் எழுதுகிறவர் எழுதுவதுதான் கணக்கு. உலகத்திலேயே பெரிய செய்தி என்று கிறிஸ்தவம் எதைச் சொல்கிறதோ அதை, கணக்கில் எடுக்கப்படாத வாய்களில்தான் கடவுள் முதலில் கொடுத்தார். உயிர்ப்பைப் பற்றிய எந்த இறையியல் புத்தகத்தையும்விட இது எனக்கு அதிகம் பேசுகிறது.

சரி, அவர்கள் துக்கத்தில் எதையோ கண்டு மயங்கியிருக்கலாமே? நியாயமான கேள்விதான். நம் ஊரிலும் செத்தவர்கள் வருவார்கள். தாத்தா கனவில் வந்து தேத்தண்ணி கேட்டார், முப்பத்தோராம் நாள் அம்மா வாசலில் நின்றமாதிரி இருந்தது, இதைச் சொல்லாத குடும்பம் உண்டா? ஆனால் அதை வைத்துக்கொண்டு யாராவது தாத்தா எழுந்துவிட்டார் என்று சொல்கிறோமா? மாறாக, போய்ச் சேர்ந்துவிட்டார், நல்லபடியாக இருக்கிறார் என்றல்லவா நிம்மதி அடைகிறோம். அன்றைய யூதர்களும் ஆவிகளையும் தரிசனங்களையும் அறியாதவர்கள் அல்ல. இயேசுவின் ஆவியைக் கண்டோம் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் அவர்களை அடித்திருக்க மாட்டார்கள். அவர்கள் சொன்னது அது இல்லை. கல்லறை காலி, எங்களோடு உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டார், கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி வைத்துக்கொண்டு வாருங்கள் சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டார் என்றார்கள். சிலுவையில் செத்தவர்களை ரோமர்கள் புதைக்க விட்டிருக்கவே மாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. 1968இல் எருசலேமில் கண்டெடுத்த ஓர் எலும்புப் பெட்டியில், குதிகால் எலும்பில் ஆணி ஏறியபடியே ஒருவருடைய எலும்புகள் இருந்தன. அந்த மனிதரையாவது குடும்பம் வாங்கிக்கொண்டுபோய் அடக்கம் செய்திருக்கிறது.

இதையெல்லாம் சேர்த்தாலும் நிரூபணம் ஆகாது. சரித்திரத்தை வைத்து ஒருவரை வாசல்வரைதான் கூட்டிக்கொண்டு வரலாம், உள்ளே வருவது அவர் பாடு.

நான் சொல்ல வந்த முக்கியமான இடம் இனிமேல்தான். நம் சபைகளில் உயிர்ப்பைப் பற்றிப் பேசும்போதுகூட உண்மையில் பேசுவது ஆத்துமா மோட்சம் போவதைப் பற்றித்தான். அது கிரேக்கர்களுக்கும் பிடித்த விஷயம். அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியபோது அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மரித்தோர் எழுந்திருப்பது என்ற பேச்சு வந்ததும்தான் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆத்துமா பிழைத்துக்கொள்ளும் என்றால் அவர்களில் பலர் தலையாட்டியிருப்பார்கள். உடம்பு என்றதும் அவர்களுக்குக் கூச்சம். ஆனால் ஞாயிறுதோறும் நாம் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று இருக்கிறது. அம்மா பக்கம் கத்தோலிக்கம், அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். யாருமே அந்த இடத்தில் நின்று யோசிப்பதில்லை, தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழுந்து போகிறமாதிரி வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகும்.

அப்பாயி செத்த அன்று, பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் அத்தை அவருக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். கூடைக் கயிறு நாற்பது வருடம் அழுத்திய இடத்தில் உச்சந்தலையில் முடி இல்லை, ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம், தோல் மினுங்கிப்போய் இருக்கும். அதை மறைக்க அத்தை இந்தப் பக்கத்து முடியை அந்தப் பக்கம் இழுத்து வாரினார். வாரினால் நிற்கவில்லை, திரும்பவும் வாரினார். விரல் நுனிகளில் கொழுந்துப் பால் கறுத்து வெடித்த கோடுகள், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அப்புறம் அடக்கத்தில் பிரசங்கம் செய்தவர், "இது வெறும் கூடு, பறவை பறந்துவிட்டது, ஆண்டவரிடம் போயாச்சு" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார், நல்ல மனிதர். ஆனால் எனக்குச் சுர்ரென்றது. வெறும் கூடா? இந்த உடம்பை வைத்துத்தானே தோட்டம் அவரைக் கணக்கெடுத்தது. வேலைக்குப் பெயர் பதிகிற காலைப் பிரட்டில் நின்றதும் இதுதான், அட்டை கடித்ததும் இதைத்தான், எங்களை வளர்த்ததும் இதுதான். எண்பது வருடம் இதைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, கடைசியில் இது முக்கியமே இல்லை என்று கடவுளும் சொல்கிறார் என்றால், கம்பெனிக்கும் கடவுளுக்கும் என்ன வித்தியாசம்?

சுவிசேஷம் அப்படிச் சொல்லவில்லை. இயேசு எழுந்தார் என்பதை நம்பாத சீடர் தோமா கேட்டது ஆத்துமாவை அல்ல, ஆணித் தழும்பை. இயேசு அதைக் காட்டவும் செய்தார். யோசித்தால் விசித்திரமான காரியம், மரணத்தையே ஜெயித்த உடம்பில் அந்தக் காயங்களை மட்டும் ஏன் ஆற்றாமல் விட வேண்டும்? ஒரு ஞாயிறுபாடசாலைப் பிள்ளை என்னிடம், அப்பாயி எழுந்து வரும்போது அந்தப் பள்ளம் இருக்குமா என்று கேட்டது. இருக்கும், ஆனால் வலிக்காது, அதை யாரும் வாரி மறைக்கத் தேவையிருக்காது என்று சொன்னேன். என் இறையியல் படிப்பு அவ்வளவுதான், ஆனால் தோமாவின் கதையிலிருந்து எனக்கு வேறு பதில் எடுக்கத் தெரியவில்லை.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறை இந்த இடத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள். தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கொச்சிக்கடை எங்களுக்குத் தூரத்து ஊர் இல்லை, கொழும்பில் வேலைக்குப் போன மலையகப் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிற இடம். நாங்கள் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒவ்வொருவருடைய கைத்தொலைபேசியாக அடிக்கத் தொடங்கியது, எடுக்காதவர்களுடைய அம்மாமார் அப்படியே கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கட்டுவாப்பிட்டியில் எடுத்த ஒரு படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், உயிர்த்த இயேசுவின் சுரூபம், மார்பிலும் முகத்திலும் ஜனங்களுடைய இரத்தம் தெறித்தபடி. அதைக் கழுவாமல் அப்படியே கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள். சிலுவையில் தொங்குகிற இயேசு மேல் இரத்தம் இருந்திருந்தால் நமக்குப் பழகிய படம். எழுந்தவர்மேல் இருந்தது. அந்தச் சுரூபத்தை விட்டுவிட்டு உயிர்ப்பைப் பற்றிப் பேசினால் அது பொய்யாகிவிடும் என்று தோன்றுகிறது.

அதைப் போலவே மீரியபெத்தையையும் விட முடியாது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசைவீடுகளை, லயங்களை, அப்படியே மூடியது. தோண்டினார்கள், மழை, மறுபடியும் தோண்டினார்கள், பிறகு நிறுத்தினார்கள். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல மாவட்டங்களில் அதுவே திரும்ப நடந்தது. உடல் கிடைக்காத வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அங்கே ஆத்துமாவைப் பற்றிய பேச்சு காதில் ஏறாது. எங்கே, எந்த இடத்தில், யார் பார்த்தது, இதுதான் திரும்பத் திரும்ப. காலியான கல்லறைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மகதலேனா மரியாளும் அதைத்தான் கேட்டாள். அவரை எடுத்துக்கொண்டு போயிருந்தால் எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் போய் எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு அந்த நேரம் உயிர்ப்பு எல்லாம் மனதில் இல்லை, உடல் வேண்டும், அவ்வளவுதான். கடவுள் அவளுக்கு, உடல் எதற்கு அம்மா, அவர் உன் இதயத்தில் வாழ்கிறார் என்று பதில் சொல்லவில்லை. உடலோடு வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

பக்கத்து லயத்து அக்கா ஒருவர், முருகன் பக்தை, என்னிடம் ஒருமுறை கேட்டார், "இது எங்க மறுபிறப்பு மாதிரிதானே தம்பி?" இல்லை அக்கா. மறுபிறப்பில் வேறு உடம்பு, வேறு வாழ்க்கை, பழையது ஞாபகத்தில் இருக்காது. இது அதே ஆள், அதே பெயர், அதே தழும்பு, ஆனால் திரும்ப ஒருமுறை சாகப்போவதில்லை. செத்த லாசருவை இயேசு எழுப்பினாரே, அந்த லாசருகூடப் பிறகு ஒருநாள் செத்திருப்பார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க வூட்டுக்காரரு திரும்ப அதே ஆளாவா வருவாரு, வேணாம்ப்பா" என்று சிரித்தார். சிரிப்புதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. அதே ஆளாக, ஆனால் சரியாக்கப்பட்ட ஆளாக. பவுல் இதற்கு விதையைக் காட்டுகிறார், விதைக்கிறது ஒன்று, முளைக்கிறது வேறு தோற்றம்.

விதை என்றதும் ஞாபகம் வருகிறது, நம் பிரசங்கிகள் தயவுசெய்து கவ்வாத்தை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வரும் உவமை அது. தேயிலைச் செடியை வெட்டி மொட்டையாக்குகிறார்கள், செத்தமாதிரி நிற்கிறது, சில மாதத்தில் துளிர்க்கிறது, பாருங்கள் உயிர்த்தெழுதல்! இல்லை, அது உயிர்த்தெழுதல் இல்லை. வேரில் மாச்சத்து சேர்ந்திருக்கும்போது பார்த்து வெட்டினால் செடி துளிர்க்கும், அது செடியின் சுபாவம். வேரில் ஒன்றும் இல்லாமல் வெட்டினால் செத்துப்போகும். அதைப் பிடுங்கி விறகுக்குத்தான் கொண்டுபோவோம், எந்த மழைக்கும் அது துளிர்க்காது. கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்கு முன்னால் நின்றுகொண்டு இந்த உவமையைச் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறதோ. இயேசு வெட்டப்பட்ட செடி அல்ல, செத்த செடி. இயற்கையில் உள்ள எந்தச் சக்தியாலும் நடக்காதது நடந்தது என்பதுதான் செய்தி. வசந்தம் வருகிறமாதிரி, விடியல் வருகிறமாதிரி என்று அதை லேசாக்கினால், அப்படி எல்லாம் தானாக விடியாது என்று தெரிந்த ஜனங்களுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 1854இல் கண்டியை மையமாக வைத்துத் தோட்டத் தமிழர்களுக்கென்று ஆங்கிலிக்கன் மிஷன் வேலை தொடங்கியபோது, அதற்கு வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரும் காசு கொடுத்தார்கள். உபதேசியார்மார் லயம் லயமாக நடந்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், எங்கள் தாத்தா எழுத்துப் படித்தது அப்படித்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் துரைக்கு எந்தப் பிரசங்கம் பிடித்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டுமே. பொறுமையாகச் சிலுவையைச் சுமந்தால் மேலே போய்ச் சம்பளம் என்பது பிடித்திருக்கும். அதிகாரம் கொடுத்த தீர்ப்பைக் கடவுள் மூன்றே நாளில் தள்ளுபடி செய்தார் என்பது பிடித்திருக்குமா? அப்போஸ்தலருடைய நடபடிகளில் பேதுருவின் பிரசங்கம் அதுதான். நீங்கள் கொன்றீர்கள், தேவன் எழுப்பினார். அதைக் கேட்டு எரிச்சலடைந்து அவரைப் பிடித்து உள்ளே போட்டவர்கள் உயிர்த்தெழுதலே இல்லை என்று சொன்ன சதுசேயர்கள். தேவாலய நிர்வாகம் அவர்கள் பக்கம் இருந்தது. இருக்கிற ஏற்பாடு நன்றாக இருக்கிறவர்களுக்கு, செத்தவர்கள் எழுந்து வருவது தொந்தரவுதானே.

வார்லி மலையில் 1878இல் கட்டிய கோயிலைப் பார்க்கவும், பொகவந்தலாவையில் பெயர்பெற்ற புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறையைப் பார்க்கவும் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். வரட்டும், அழகான இடங்கள்தான். துரைமாருடைய கல்லில் பெயர், வருடம், வசனம் எல்லாம் இன்னும் வாசிக்கலாம். தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்து மன்னாரிலிருந்து காட்டு வழியில் நடந்து, மாத்தளைக்குப் போய்ச் சேராமல் செத்தவர்களுக்குக் கல் இல்லை. அவர்கள் நடந்த வழியை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். சரீரம் உயிர்த்தெழும் என்று நான் சொல்லும்போது முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் அந்த வழியோரத்து ஆட்கள்தான். அவர்களுடைய கணக்கு மூடப்படவில்லை என்றுதான் அந்த வரிக்கு அர்த்தம், எனக்கு.

கடைசியாக ஒரு வாசிப்பு. 15ஆம் அதிகாரம் முழுக்க எக்காளம், மரணமே உன் கூர் எங்கே என்றெல்லாம் உச்சத்துக்குப் போய்விட்டு, பவுல் எப்படி முடிக்கிறார் தெரியுமா? ஆகவே உங்கள் பிரயாசம் விருதாவாகாது என்று. பிரயாசம், வேலை. அடுத்த வரி, நம் பைபிளில் 16:1, ஏழைகளுக்காகச் சேர்க்கிற தர்மப்பணத்தைப் பற்றி, வாரத்தின் முதல் நாளில் அவரவர் எடுத்து வையுங்கள் என்கிறார். அதிகாரப் பிரிவெல்லாம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் போட்டது, பவுல் எழுதிய கடிதத்தில் இடையில் கோடு கிடையாது. மரித்தோர் எழுவார்கள், சரி, காசு எவ்வளவு சேர்ந்தது? ஒரே மூச்சில்.

இதை நான் எங்கள் சபைக் கூட்டத்தில் சொன்னதால் ஒரு சண்டை வந்தது. அந்த வருட ஈஸ்டர் காணிக்கை கோயில் கூரைக்கு என்று முன்னமே பேசி வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் கீழ்லயத்தில் தீப்பிடித்து ஒரு வீட்டின் கூரை போயிருந்தது. அவர்கள் நம்ம சபை இல்லை, மாரியம்மன் கோயில் குடும்பம் என்றார் ஒருவர். பொருளாளர் கணக்குக் கொப்பியை மூடி வைத்துவிட்டு, நனையிறப்ப எல்லாரும் ஒண்ணுதான், கை தூக்குங்கள் என்றார். தூக்கினார்கள், காணிக்கை கீழே போனது. தகரமும் ஆணியும் வாங்கியதில் கொஞ்சம் மிச்சம் வந்தது, அதை அந்த வீட்டுப் பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்குக் கொடுத்தார்கள். எங்கள் கூரை பாடகர் குழு உட்காருகிற பக்கம் இன்னும் ஒழுகுகிறது. அதைவிடப் பெரிய பிரச்சினை, வருகிற உயிர்த்த ஞாயிறு ஆராதனையை விடியற்காலை ஐந்துக்கு வைப்பதா ஆறுக்கு வைப்பதா என்பது, இதுவரை முடிவாகவில்லை, நான் ஐந்து மணிக்கட்சி.